மயில்கண் கரையும் ஒரு அரியர் பேப்பரும்

கல்லூரியில் நான் தோற்றது ஒரே ஒரு பேப்பர்தான். அணுவும் மூலக்கூறும் பற்றிய பேப்பர். பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் வருடம். மற்றதெல்லாம் எப்படியோ கரையேறிவிட்டேன்; இது மட்டும் என்னைப் பிடித்துக் கீழே தள்ளியது. எலக்ட்ரான் கீழ்ப்படியில் இருக்கும், மேல்படியில் இருக்கும், நடுவில் மட்டும் எங்கேயும் இருக்காது என்று புத்தகத்தில் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதெப்படி இல்லாமல் போகும்? மேலே ஏறுகிறவன் நடுவைத் தாண்டித்தானே ஏற வேண்டும்? இந்தக் கேள்வியைப் பரீட்சைத் தாளிலேயே எழுதி வைத்தேன். திருத்தியவர் அதற்கு மார்க் போடவில்லை.

அரியர் எழுதுவதற்காக அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் கட்டிக்கொண்டு அழுதேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டே படிப்பேன். ஒரு நாள் திடீரென்று புரிந்துபோனது. பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸில் ஏறியவர் நடுவில் இறங்க முடியாதல்லவா? எலக்ட்ரானுக்கும் நடுவில் ஸ்டாப்பிங் கிடையாது. மேலே ஏற வேண்டுமானால் அதற்கென்று அளந்துவைத்த வெளிச்சம் வேண்டும். இறங்கும்போது வாங்கியதை வெளிச்சமாகவே திருப்பிக் கொடுக்கவும் செய்யும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் படிகள் வேறு வேறு. அதனால், வருகிற வெளிச்சத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது யார் என்று சொல்லிவிடலாம். அடேயப்பா, இதற்காகவா இத்தனை அழுதோம் என்று இருந்தது.

"அந்த எலக்ட்ரானைப் பிடிச்சுக் கொழம்பு வைக்கப் போறியா?" என்று என் அம்மா கேட்டாள். பதில் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடம் ஆனது.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்துக்கு வெளியே, பேண்டேஜ் துணி செய்கிற ஒரு ஆலையில். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, வலது கைப் பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டே போய் இறங்குவேன். பெயர் லேப் இன்சார்ஜ். லேப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு தராசு, நான்கு கண்ணாடிக் குழாய்கள், ஒரு மரப்பெட்டி. அந்த மரப்பெட்டிதான் என் ராஜ்ஜியம். உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம் தருகிற விளக்கு ஒன்றை மாட்டியிருக்கும். மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு துவாரம்.

புண்ணில் வைத்துக் கட்டுகிற துணியில் கண்ட கண்ட ரசாயனம் இருக்கக் கூடாது. இருக்கிறதா என்று அந்தப் பெட்டி சொல்லிவிடும். நல்ல பருத்தித் துணியை உள்ளே வைத்தால் மங்கலாக, பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு இருட்டு தெரியும். அங்கங்கே நாலைந்து மஞ்சள் புள்ளி. அவ்வளவுதான். நீலமாகப் பளீரென்று மின்னினால் போச்சு, வெளுப்புப் பவுடர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் சின்ன பாக்கெட்டில் விற்கிறதே, வேட்டி சட்டையைப் பளிச்சென்று ஆக்க, அதுதான். அந்தக் காலத்து நீலம் துணியில் வெறும் நிறத்தைத்தான் ஏற்றும். இந்தப் பவுடர் கெட்டிக்காரப் பயல். இதன் மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை விழுங்கி எலக்ட்ரானை மேலே ஏற்றும். மேலே போனது கொஞ்சத்தைக் குலுங்கிக் குலுங்கித் தொலைத்துவிட்டு, மிச்சத்தை நீல வெளிச்சமாகக் கீழே போடும். வெயிலில் நிற்கிற வேட்டி வெள்ளையை விட வெள்ளையாக இருப்பது இதனால்தான். பருத்திக்கு அந்த இடத்தில் அப்படிப்பட்ட படி கிடையாது. தலைகீழாக நின்றாலும் அது அப்படி மின்னாது.

துணியை வெளுக்கிற பிரிவுக்கு ஒரு அண்ணாச்சி பொறுப்பு. சோழபுரத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். இருபத்திரண்டு வருடமாக அந்த பிளீச்சிங் தொட்டிதான் அவருக்கு எல்லாம். எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், எப்போது மருந்துத் தண்ணீர் விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. அதில் அவருடைய சிவப்புத் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் அண்ணாச்சி உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். என்னை 'லேப்பம்மா' என்று கூப்பிடுவார்.

போன வருடம் எங்கள் ஆலைக்கு முதல் தடவையாக வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. துணியைப் பார்வையிட வாங்குகிறவர்களின் ஆள் சென்னையில் இருந்து வருவதாகத் தகவல். ஆலை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். வாசலில் கோலம். முதலாளியே துடைப்பத்தை எடுத்து ஒரு மூலையைப் பெருக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளுத்து உலர்த்திச் சுற்றிய பெரிய ரோலில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அதை ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆறவிடுவோம். பக்கத்து நூல் மில்லில் இருந்து பஞ்சுத் தூசி பறந்து வந்து ஒட்டாமல் இருக்க, ஒவ்வொரு ரோலையும் வெள்ளைத் துணியால் இறுக்கிச் சுற்றி வைப்போம். அந்தத் துணிகளைச் சனிக்கிழமை பார்த்தேன். பழையது, கிழிந்தது, ஓரமெல்லாம் பழுப்பு.

"இந்தக் கந்தலைச் சுத்தி வச்சா வாரவன் என்ன நெனைப்பான்?" என்று ஒரு சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் பார்க்காத சண்டையை வீட்டில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சத்தம் போட்டதோடு நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி, முந்தின நாள் துவைத்து மடித்து வைத்திருந்த அவருடைய வேட்டிகள் ஆறையும் அள்ளிக்கொண்டு வந்து, என் கையாலேயே ஆறு ரோலுக்குச் சுற்றினேன். மொத்தம் பன்னிரண்டு ரோல். வேட்டி கட்டிய ஆறையும் முன்வரிசையில் நிறுத்தினேன், வருகிறவர் கண்ணில் படட்டும் என்று. கந்தல் சுற்றியது பின்வரிசை. மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி ஆறு பேரும் நின்றார்கள். எனக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை காலை, சுற்றிய துணியெல்லாம் வேண்டாம், ரோல் வெளியே தெரியட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்; வேட்டிகளை அவிழ்த்து மடித்து வைத்தோம். பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும், அதிகம் பேசாதவர். காபி குடித்தார், வெள்ளை அடித்த சுவரை அவர் பார்க்கவே இல்லை. பையில் இருந்து பேனா மாதிரி ஒரு சின்ன விளக்கை எடுத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். முன்வரிசை ரோலில் துணியின் நுனியை இழுத்து, விளக்கை அடித்தார்.

நீலம்! பளீரென்று நீலம். பம்பரம் மாதிரி என் தலை சுற்றியது.

அடுத்த ரோல், நீலம். அதற்கடுத்தது, நீலம். மூன்றோடு நிறுத்திக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ராஜபாளையத்துலதான் இருப்பேன். விளக்கம் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா ரிஜக்ட்னு எழுதிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

மேனேஜர் புதிதாக வந்தவர். விளக்கம் தேடி அவர் ரொம்ப தூரம் போகவில்லை. துணியில் வெளுப்புப் பவுடர் இருக்கிறது. துணியை வெளுக்கிறவர் அண்ணாச்சி. முடிந்தது விஷயம். நேரம் மிச்சம் பிடிக்க அவர் தொட்டியில் பவுடரைக் கொட்டிவிட்டார் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் தொட்டியில் இருந்து வந்த துணியை நான்தான் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அப்போது பெட்டியில் நீலமே இல்லை. அப்படியானால் எனக்கு நல்ல துணியைக் காட்டிவிட்டு, பிறகு மனுஷன் பவுடரைப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். என் கையெழுத்தை வைத்து என்னையே ஏமாற்றிவிட்டாரே என்று ரத்தம் கொதித்தது. நேரே வெளுக்கிற ஷெட்டுக்குப் போனேன். முப்பது பேர் வேலை செய்கிற இடம். மெஷின் சத்தத்தையும் மீறி வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"ஏன் அண்ணாச்சி, வேலை செய்ய வலிச்சா வீட்டுல இருக்க வேண்டியதுதான? எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "நான் போடல தாயி. மருந்தும் தண்ணியும் தவிர வேற எதையும் இந்தத் தொட்டியில போட்டவன் இல்ல."

"பொறவு தானா வந்துச்சா?"

"எப்பிடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் படிச்சவுக."

பின்னாலேயே வந்த மேனேஜர் அண்ணாச்சியிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். 'நான்தான் பவுடர் போட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்படி ஒரு தாள் இருந்தால், தவறு செய்தவனை அனுப்பிவிட்டோம் என்று வாங்குகிறவர்களிடம் காட்டலாம் என்பது அவர் கணக்கு. அண்ணாச்சி தாளைத் தொடவே இல்லை. "செய்யாததைச் செஞ்சேன்னு எழுதுனா எம் பிள்ளைக மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?" என்றார். நாளை மத்தியானத்துக்குள் எழுதாவிட்டால் வேலை இல்லை என்றார் மேனேஜர். அண்ணாச்சி ஆணியில் இருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

வெற்று ஆணியைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட். மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மழை போல. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. 'நீங்கதான் படிச்சவுக' என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. சரி, படித்தவள் என்ன செய்தாள்? நீலத்தைப் பார்த்தாள், பவுடர் என்று சொன்னாள். அது அரைப் பேப்பர்தான். மூலக்கூறு யார் என்று கண்டுபிடித்தாயிற்று. எந்த வழியாக உள்ளே வந்தது என்று யார் கேட்டது? மறுபடியும் பாதி விடை எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

தொட்டியில் போட்டிருந்தால்? நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொட்டியில் தண்ணீர் துணிக்குள் புகுந்து புகுந்து சுற்றி வரும். பவுடர் போட்டிருந்தால் பன்னிரண்டு ரோலிலும் இருக்க வேண்டும். நுனியிலும் இருக்க வேண்டும், நடு வயிற்றிலும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே தொட்டியில் வெந்தவைதானே! நாங்கள் பார்த்தது மூன்று ரோல். அதுவும் மேல் நுனி. பின்வரிசையை ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே ஒருவரும் பார்க்கவில்லை. இதற்கா ஒரு மனுஷனைத் திருடன் என்றேன்! பஸ்ஸைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். "என் மயில்கண் கரை வேட்டி எங்க? வியாழக்கெழம கல்யாணத்துக்குக் கட்டணும்."

"மில்லுல இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்."

"மில்லுலயா? வேட்டிக்கு அங்க என்ன வேலை?"

"செத்த நேரம் சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். என் நினைப்பெல்லாம் பின்வரிசையில் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். மடிப்புப் பிரிவில் வேலை பார்க்கிற என் சிநேகிதி ஒருத்தி, தளவாய்புரத்துக்காரி, அவளும் சீக்கிரம் வந்திருந்தாள். அவளைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன். ஆறு ரோலிலும் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் பெட்டியில் வைத்தேன். ஒன்றிலும் நீலம் இல்லை! அதே பழுப்பு ஊதா இருட்டு, நாலைந்து மஞ்சள் புள்ளி. பிறகு முன்வரிசை ரோல் ஒன்றைக் கத்தியால் ஆழமாக அறுத்து, உள் அடுக்கில் இருந்து ஒரு துண்டு எடுத்தேன். அதுவும் இருட்டு.

"இல்லைட்டி! உள்ள இல்ல! தொட்டியில இருந்து வரவே இல்ல!" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். பரீட்சை ரிசல்ட் பார்த்த அன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அண்ணாச்சி சொன்னது சத்தியம். அதைச் சொல்ல எனக்கு இப்போது ஆறு ரோல் சாட்சி இருந்தது.

அப்படியானால் நீலம் மேலே இருந்து வந்தது. மேலே என்ன இருந்தது? அந்தக் கேள்விக்கு நான் யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மேல் அடுக்குத் துணியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, பெட்டிக்குள் விரித்து, துவாரத்தில் கண்ணை வைத்தேன்.

நீலப் பரப்பு. அதன் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை நேராகக் கோடு போட்ட மாதிரி ஓடியது. பட்டையை ஒட்டி, சின்னச் சின்னதாகக் கண் கண்ணாகக் கறுப்புப் புள்ளிகள், வரிசையாக.

மயில்கண் கரை.

சாயம் போட்ட கரை நூல் பவுடரைப் பிடித்து வைக்காது. பிடிக்காததால் கொடுக்கவும் இல்லை. வெள்ளை நூல் வாங்கியது, ஈரத்தில் அப்படியே ரோலுக்கு இறக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இறுக்கிக் கட்டி வைத்திருந்தோமே, போதாதா? மில் ஆட்கள் வந்து பார்த்தாலும் இது எந்தத் துணி என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்றுகூடத் தெரியும்.

பவுடர் பாக்கெட்டில் ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன் என்று எழுதியிருக்கும். நான் அரை பாக்கெட் கொட்டுகிறவள். பட்டாளத்துக்காரர் வேட்டி தெருவிலேயே வெளுப்பாக இருக்க வேண்டும். அலசினால் பளிச்சென்று இருப்பது போய்விடும் என்று அலசவும் மாட்டேன். முறுக்கிப் பிழிந்து அப்படியே கொடியில் போடுவேன். தினம் தினம் மரப்பெட்டிக்குள் வெளுப்புப் பவுடரைத் தேடுகிறவள், வீட்டில் அதே பவுடரை வாளி வாளியாகக் கரைத்துக்கொண்டிருந்தாள். வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒரு நிமிடம்கூட இது தோன்றவில்லை. சுத்தம் என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் சுத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பெட்டியை விட்டு நிமிர்ந்தேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, என்ன ஆச்சு? இப்பத்தான குதிச்ச?" என்றாள் சிநேகிதி.

சொன்னேன். அவள் வாயில் கை வைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பேசாம இரு. அந்த வேட்டி ஆறையும் நான் என் பையில போட்டு வெளிய கொண்டு போயிருதேன். ஏதோ சுத்துன துணியில இருந்து ஒட்டியிருக்குன்னு மட்டும் சொல்லு. அண்ணாச்சியும் தப்பிச்சுருவாவ, நீயும் தப்பிச்சுருவ. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

நல்ல யோசனைதான். பொய்யும் சொன்னதாகாது. ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். லேப் இன்சார்ஜே வெளுப்புப் பவுடரைக் கொண்டுவந்து ரோலில் சுற்றினாள் என்றால் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் 'ஏதோ துணி' என்றால், அந்தத் துணியைச் சுற்றியது யார் என்று மேனேஜர் கேட்பார். மறுபடியும் ஷெட்டில் இருக்கிற யார் தலையிலாவது கட்டுவார். திருடன் என்று நான் கத்தியது முப்பது பேருக்குக் கேட்டிருக்கிறது. அதை 'ஏதோ' என்று சொல்லி அழிக்க முடியுமா?

"போடி அங்கிட்டு. வேட்டியைக் கொண்டா" என்றேன்.

மத்தியானம் எல்லோரும் லேப்புக்குள் வந்தார்கள். முதலாளி, மேனேஜர், சென்னைக்காரர். அண்ணாச்சியை நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தேன். கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மேஜையில் அந்த வெள்ளைத் தாள் இருந்தது.

நான் முதலில் தாளை எடுத்து நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு துண்டாகப் பெட்டியில் வைத்துக் காட்டினேன். பின்வரிசை ஆறும் இருட்டு. முன்வரிசையின் உள் அடுக்கும் இருட்டு. மேல் மூன்று சுற்று மட்டும் நீலம்.

மேனேஜர், "பிளீச்சிங் மருந்து கூடிப் போனாலும் நீலமா வரலாம்ல?" என்றார்.

"வராது சார். மருந்து நூல்ல இருக்குற பழுப்பைத்தான் தின்னும். இந்த வெளிச்சம் வரணும்னா அதுக்குன்னு படி வச்ச மூலக்கூறு வேணும். பருத்திக்கு அந்தப் படி கெடையாது. எம்புட்டு மருந்து ஊத்தினாலும் பருத்தி படி கட்டிக்காது. தொட்டியில பவுடரைப் போட்டிருந்தா பன்னெண்டு ரோலும் நடு வரைக்கும் மின்னணும். மின்னல. அண்ணாச்சி போடல. இது வெளிய இருந்து ஒட்டுனது."

சென்னைக்காரர் பெட்டியில் கண் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "இது என்ன, ஓரத்துல டிசைன் மாதிரி?"

நான் வேட்டியை எடுத்து மேஜையில் விரித்தேன். அதன் கரையை, ரோலில் இருந்து வெட்டிய துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு ஜன்னலைச் சாத்தி அவருடைய பேனா விளக்கை வாங்கி அடித்தேன். வேட்டி அப்படியே பற்றிக்கொண்ட மாதிரி மின்னியது. ஓரத்தில் மயில்கண் கரை மட்டும் கறுப்பு. துண்டிலும் அதே கண், அதே வரிசை.

"இது யார் வேட்டி?" என்றார் முதலாளி.

"எங்க வீட்டுக்காரர் வேட்டிங்க ஐயா. நான்தான் பவுடர் போட்டுத் துவைச்சேன். நான்தான் கொண்டு வந்தேன். நான்தான் சுத்தினேன்."

முதலாளி தெலுங்கில் ஏதோ ஒரு வார்த்தை முணுமுணுத்தார்; நல்ல வார்த்தையாக இருக்காது. சென்னைக்காரர் மட்டும் வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் சற்றும் எதிர்பாராமல், சிரித்தார்.

"மேடம், இவ்வளவு தெளிவா ஒரு விளக்கம் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. மேல அஞ்சு சுற்றை உரிச்சு எறிஞ்சுடுங்க. மிச்சத்தை உங்க பெட்டியில மறுபடி போட்டுக் காட்டுங்க. இருட்டா இருந்தா எடுத்துக்கிறோம்."

உரித்தோம். பன்னிரண்டு ரோலையும் அவர் கண் முன்னால் சோதித்தேன். பன்னிரண்டும் இருட்டு. பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு மூச்சு திரும்பி வந்தது. "வேட்டியை வீட்டுல வச்சுட்டு வாங்கம்மா இனிமே" என்பதோடு என் விசாரணை முடிந்தது. மேனேஜர் அண்ணாச்சியிடம் போய், "நாளைக்கு வழக்கம்போல வந்துருங்க" என்றார். நான் கக்கத்தில் இருந்த தாளை எடுத்து, அவர் பார்க்கவே கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஆகா, என்ன சுகம் அது! அம்மா உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன், அந்த எலக்ட்ரானைப் பிடித்து என்ன வைத்தேன் என்று.

அண்ணாச்சி மட்டும் அசையவில்லை. நான் கிட்டே போய், "தப்பா பேசிட்டேன் அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து நீங்க பேசுனது தளவாய்புரம் வரைக்கும் கேட்டுச்சு. இது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலையே?"

சுருக்கென்று தைத்தது. நியாயம்தான்.

"வாங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நேற்று நின்ற அதே இடத்தில், தொட்டிக்கு முன்னால் நின்றேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூச்சை இழுத்துப் பிடித்து, நேற்றுக் கத்தியதை விட ஒரு சுதி கூட்டிக் கத்தினேன்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! பவுடர் என் வீட்டு வேட்டியில இருந்து வந்துச்சு! தப்பு என் மேல! அண்ணாச்சி வெளுத்த துணியில ஒரு பொட்டுக் குத்தம் இல்ல! அவியளத் திருடன்னு சொன்ன இந்த வாயைத்தான் கழுவணும்!"

ஒரு மெஷின் நின்றது. இன்னொன்று நின்றது. யாரோ ஒருத்தி கைதட்ட ஆரம்பித்தாள். என் சிநேகிதியாகத்தான் இருக்கும். அப்புறம் ஷெட் முழுக்கக் கைதட்டல். எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, ஆணியில் மாட்டினார்.

"சரி லேப்பம்மா. அந்தப் பெட்டியை நான் ஒருக்கப் பாக்கணும்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் லேப்புக்குள் வந்து பெட்டியில் கண் வைத்துப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவரும் பார்க்கச் சொன்னதும் இல்லை, நான் உட்பட. கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெளுத்த துணியில் ஒரு துண்டை வைத்து விளக்கைப் போட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து துவாரத்தில் கண் வைத்தார்.

"ஒண்ணுமே தெரியலையே? ஒரே மங்கலாத்தான இருக்கு?"

"அதான் அண்ணாச்சி. ஒண்ணும் தெரியக்கூடாது. அதுதான் பாஸ்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, நான் அடுத்த துண்டைத் தரும்வரை காத்திருந்தார். அதையும் பார்த்தார். பிறகு அதற்கடுத்ததை. பன்னிரண்டு துண்டையும் ஒன்றுவிடாமல் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எம்புட்டு நல்லா வெளுத்திருக்கேன்!" என்றார்.